பூவாத்தாளின் வலது கை

வெண்ணந்தூர் நெசவாளர் தெருவில் கந்தவேலின் மனைவி பூவாத்தாளுக்கு இருபத்திரண்டாவது வயதில் வலது கை மூடிக்கொண்டது. முடங்கிப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். தோள் ஆடும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு திரும்பும். விரல்கள் ஐந்தும் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டு, கட்டைவிரல் உள்ளேயும் மற்ற நாலும் அதன்மேலுமாக இறுகிவிட்டன. இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து இழுத்தாலும் பிரியவில்லை. அந்தக் கை ஏன் மூடியது என்பதற்கு எட்டு வருஷத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவளை உட்காரவைத்து, என்னம்மா நடந்தது என்று முழுசாகக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான். அவளுக்கே அது அப்போது தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். பவ வருஷம் புரட்டாசி, இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஐந்து வருஷம் முன்னால். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். நெசவுத் தெருக்களில் அந்த மாதம் யாருக்கும் சாப்பிடக்கூட நேரமிருக்காது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று புருசால் நீவிக்கொண்டே போய்க் காயவைக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. ஆறு வீடு கூடினால்தான் ஒரு பாவு காயும். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. ஈரமாக இருக்கும்போது பாவு தளர்ந்துவிட்டால் இழையோடு இழை ஒட்டிச் சடை விழுந்துவிடும். அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால் அந்தத் தெருவில் ஒரு சொல் உண்டு: "சாவு உழுந்தாலும் பாவை உடாதே." யாரோ வாய்க்கொழுப்பெடுத்தவன் சொல்லிவைத்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

அன்றைக்குக் கந்தவேல் வீட்டுப் பாவு. முந்தின நாள் நல்ல மழை. ஒரு முனையில் கயிறு கட்டியிருந்த முளை ஈர மண்ணில் நிற்காமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கஞ்சி ஏற்கெனவே தடவியாயிற்று. வேறு முளை அடித்துப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. கந்தவேல் கயிற்றைக் கொண்டுவந்து பூவாத்தாள் கையில் கொடுத்தான்.

"குதிகால ஊனி நின்னுக்க புள்ள. காயிற வரைக்கும் உட்றாதே."

அவள் கயிற்றை வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, கையில் இறுக்கிப் பிடித்துச் சாய்ந்து நின்றாள். மாமியார் முத்தாயம்மாள் உட்பட வீட்டில் எல்லாருமே பாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். உள்ளே தூளியில் ஒன்றரை வயசு மயிலு. மூன்று நாளாக வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். காலையில் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் இறங்கியிருந்தது, தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாதி நீவியிருக்கும்போது குழந்தை அழ ஆரம்பித்தது.

"ஏனுங்க, கொளந்த அளுவுதுங்க," என்றாள் பூவாத்தாள்.

"அளுவட்டும். அளுதாத்தான் தெம்புன்னு அர்த்தம். இன்னொரு தடவ நீவிப்போட்டா முடிஞ்சுது. உட்றாதே!"

அவன் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. அவன் இடத்தில் அந்தத் தெருவில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அழுகை வெகுநேரம் கேட்டது. பிறகு கம்மியது. பிறகு விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. "அப்பாடா, தூங்கிட்டா," என்று பூவாத்தாள் நினைத்தாள். நினைத்தது மட்டுமல்ல, உடம்பே லேசாகிவிட்டது அவளுக்கு. வெயில் ஏறி, பாவு காய்ந்து, கந்தவேல் வந்து கயிற்றை வாங்கிக்கொண்ட பிறகு, தண்ணீர்த் தொட்டியில் கை கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் வீட்டுக்குள் போனாள்.

அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் குஞ்சு குழந்தை என்ன செய்யும், விதி முடிந்தது என்றார்கள். முத்தாயம்மாள் மருமகளைத் தன் மடியில் படுக்கவைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பாவு நல்ல பாவாக அமைந்தது. ஒரு இழை அறாமல் தறியில் ஓடியது. சேலைகள் தீபாவளிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன. யாராவது அவள் தலைமுடியைப் பிடித்து, "பெத்தவதானே, கயித்தப் போட்டுட்டு ஓடறதுக்கென்னடி?" என்று நாலு அறை வைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள்.

நாற்பது நாள் போனது. தூளித்துணி அப்படியே விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் முத்தாயம்மாள், "எத்தன நாளைக்குத்தான் அதையவே பாத்துட்டு இருப்பே சாமி. அவுத்துப் போட்று," என்றாள். பூவாத்தாள் போய்த் துணியை வலது கையால் பிடித்து, இடது கையால் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு அவிழ்ந்தது. கை திறக்கவில்லை. பிடித்த துணியோடு அப்படியே நின்றாள். மாமியார் வந்து இழுத்தாள், புருஷன் வந்து இழுத்தான். கடைசியில் கத்திரிக்கோலால் துணியை வெட்டித்தான் எடுத்தார்கள். உள்ளே சிக்கிய துண்டு நாலு நாள் கழித்துத்தான் நூல் நூலாக வந்தது.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். முதலில் பேய்க்குப் பார்த்தார்கள். பூசாரி வேப்பிலையால் அடித்து, யார் நீ என்று கேட்டான். அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவனே சொல்லிக்கொண்டான்: "செத்த கொளந்த ஆத்தா வெரலப் புடிச்சுட்டு இருக்குது. உடமாட்டேங்குது." மற்றவர்கள் பயந்தார்கள். அவளுக்கு மட்டும் அதைக் கேட்டதும் கண் நிறைந்தது. மயிலு தன் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மெய்யாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். சேவல் அறுத்தார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். கை அப்படியே இருந்தது.

அடுத்தது நாமகிரிப்பேட்டையிலிருந்து கட்டு வைத்தியர் சின்னண்ணன். எண்ணெய் போட்டுத் தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரு நாழிகை நேரம் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷன், ஆனால் விரலிலேயே கண் உள்ளவர்.

"எலும்பு சுத்தமா இருக்குது. நரம்பும் நல்லாத்தான் ஓடுது. இந்தக் கையில நோவு இல்லீங்க. நோவு வேற எங்கியோ இருக்குது, கை அதுக்குக் காவல் நிக்குது," என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்: "அம்மிணி, கை மூடறதுக்கு முன்னால எதையப் புடிச்சிருந்தே?"

"தூளித்துணியங்க," என்றாள் அவள்.

உண்மைதான். ஆனால் சரியான பதில் அது இல்லை. அதற்குமுன் எதைப் பிடித்திருந்தாய் என்று அவர் இன்னும் ஒரு படி பின்னால் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துணியைப் பிடித்ததால் கை மூடுமா என்று யோசித்தார், தலையை ஆட்டினார், மூலிகைப் பத்துப் போட மறுத்துவிட்டுப் போய்விட்டார். "தெரியாத வைத்தியன் இப்படித்தான் பூசி மொளுகுவான்," என்றாள் முத்தாயம்மாள்.

பிறகு ஒருவர் வாதம் என்றார். வாதத்துக்குச் சூடு போடவேண்டும் என்று மஞ்சள் கிழங்கைச் சுட்டுப் புறங்கையில் மூன்று இடத்தில் வைத்தார். சதை கருகிய வாடை வந்தது. பூவாத்தாள் முகம் சுளிக்கவில்லை. வலிக்கவில்லையா என்றால், இல்லை என்றாள். மணிக்கட்டுக்கு மேலே தொட்டால் தெரிகிறது, கீழே தெரியவில்லை. அதைக் கேட்டுக் கந்தவேல் பயந்துவிட்டான். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினான். அம்மாபேட்டையில் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து இருந்தான், அவனும் தறிக்காரன். அவன்தான் டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் சென்னையில் படித்துவிட்டு வந்து புதிதாகப் போர்டு மாட்டியவர். நல்ல சூட்டிகை. அவள் கண்ணைக் கட்டச் சொல்லிவிட்டு ஊசியால் குத்திக்கொண்டே வந்தார். எங்கே உணர்ச்சி நிற்கிறதோ அங்கே மசியால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்தால் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டது மாதிரி ஒரே கோடு. அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. நரம்புகள் கையில் நீளவாக்கில் ஓடுகின்றன. கெட்டால் ஒரு பக்கத்து விரல்கள் மரக்கும், மறுபக்கம் மரக்காது. இப்படி வளையல் போட்டு எந்த நரம்பும் கெடாது. இது உடம்பு போட்ட கோடில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குழந்தைகள் எத்தனை?" என்று கேட்டார். கேட்டது கந்தவேலை.

"ஒண்ணு இருந்துதுங்க. தவறிப் போச்சுங்க."

"எப்போது?"

"ஆறு மாசம் ஆச்சுங்க. வகுத்தால போயி."

டாக்டர் எழுதிக்கொண்டார். பூவாத்தாள் வாயைத் திறந்தாள். எதையோ சொல்ல வந்தாள். நாச்சிமுத்து, "நீ சும்மா இரு அம்மிணி, மாப்பிள்ளை சொல்லிக்குவாரு," என்றான். பொம்பளை பேச்சுக்கு டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அவனுக்குப் பயம். டாக்டர் அதற்குள் மயக்க மருந்துக் குப்பியை எடுக்கப் போய்விட்டார்.

முகத்தில் துணியை வைத்து மருந்தைச் சொட்டினார்கள். அவள் மயங்கினதும் டாக்டர் கந்தவேலை உள்ளே கூப்பிட்டார். "பாருங்கள்," என்று சொல்லிவிட்டு, இரண்டு விரலால் அந்தக் கையைத் தொட்டார். ஐந்து விரலும் தாமாக விரிந்தன. உள்ளங்கை வெளுத்துப்போய், நகம் அழுந்திய நாலு பிறைத் தழும்போடு மல்லாந்து கிடந்தது. கந்தவேல் ஒரு அடி பின்னால் போனான்.

"கையில் ஒரு கோளாறும் இல்லை, பார்த்தீர்களா? எல்லாம் மனசு," என்றார் டாக்டர் சந்தோஷமாக.

"அப்ப இவ வேணும்னே மூடி வச்சுட்டு இருக்காளுங்களா?"

"இல்லை, இல்லை. நடிப்பு என்று நினைக்காதீர்கள். அவளுக்கே தெரியாமல் நடக்கிறது."

"தன்ற கையத் தானே மூடறது தனக்கே தெரியாதுங்களா?"

டாக்டர் யோசித்தார். அந்த வியாதிக்கு இங்கிலீஷில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் தெரியும் அவருக்கு. வெண்ணந்தூர்த் தறிக்காரனுக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ துக்கம் உள்ளே போய்விட்டது, மெல்ல மெல்லப் பேசவையுங்கள், அதட்டாதீர்கள், வாரம் ஒரு தரம் கூட்டி வாருங்கள் என்றார். சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கந்தவேலின் காதில் அதெல்லாம் ஏறவே இல்லை. அவன் கண்ணெதிரே விரிந்து கிடந்த கைதான் அவனிடம் பேசிக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பூவாத்தாளுக்குத் தெளிந்தபோது கை பழையபடி மூடியிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். பஸ்ஸில் கந்தவேல் தள்ளிப் போய் முன்னால் உட்கார்ந்துகொண்டான். தனக்கு ஏதோ தீராத வியாதி, அதனால்தான் யாரும் பேசவில்லை என்று அவள் நினைத்தாள். வழியெல்லாம் அவனுக்காகத்தான் வருத்தப்பட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து மறுநாள்தான் விஷயம் உடைந்தது. முத்தாயம்மாள் வாசலில் நின்று, பக்கத்து வீட்டு ராமாயிக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "மயக்க மருந்து குடுத்ததும் கை பப்பரப்பான்னு விரிஞ்சுதாம். என்ற மவன் ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்துருக்கான். நாலஞ்சு மாசமா தலை சீவி உட்டேன், சோறு பெசஞ்சு குடுத்தேன். நடிப்புக்காரி!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாரத்துக்குள் தெரு முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆளாளுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். ராமாயி பேசிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு செம்பைத் தூக்கி வலது பக்கமாகப் போடுவாள், பிடிக்கிறாளா என்று. பகலில் அவள் கண் அசந்தால் யாராவது வந்து குனிந்து அவள் கையைப் பார்ப்பார்கள். ஒருநாள் முத்தாயம்மாள் மூடிய விரலிடுக்கில் மிளகாய்ப்பொடியைத் தடவிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். எரிச்சல் அவளுக்குத் தெரியவில்லை. அதையும் அழுத்தம் என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவளைத் தின்றது வேறு ஒன்று. கை விரிந்ததாமே. புருஷன் பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியானால் அதை மூடிவைத்திருப்பது யார்? கொல்லைப்புறத்தில் வெயிலில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையின் சுண்டுவிரலைப் பிடித்து நெம்புவாள். "தெற, சனியனே, தெற," என்று அதைத் திட்டுவாள். அது அவளுடைய கையாகவே இருக்காது. சில சமயம், நான் நடிக்கத்தான் நடிக்கிறேனோ, எனக்குத்தான் அது தெரியவில்லையோ என்று நினைப்பாள். ஊரே ஒன்றைச் சொன்னால் ஒருத்தி எத்தனை நாளைக்குத்தான் தனியாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள்? வேலைக்காகாத மருமகள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. நெய்கிறவனுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார் என்கிற சிறு குச்சியில் சுற்றிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அது வீட்டுப் பெண்ணின் வேலை. இடது கையால் அவள் சுற்றிய தார் தறியில் பாதியில் சரிந்தது.

அப்படி நெம்பிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், தெருவில் யார் வீட்டுப் பாவுக்கோ ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் கை இன்னும் இறுகியது. அவள் அதைப் பார்த்தாள். அந்தக் கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. பிறகு எழுந்து, தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த கந்தவேலின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

ஊடை இழையோடு ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது.

"அன்னிக்குப் பாவு புடிச்சிருந்தனல்லங்க. கொளந்த அளுதுட்டே இருந்துது. அப்பறம் நின்னு போச்சு. அது நின்னப்ப..."

"அதுக்கென்ன இப்ப?"

"உட்றாதேன்னீங்க, நானும் உடல. அது நின்னப்ப எனக்கு..."

கந்தவேல் குழியிலிருந்து எழுந்துவிட்டான். முகம் கறுத்துவிட்டது. "ஓ. அப்பிடி வாரயா? உட்றாதேன்னு சொன்னது நாந்தான். கொளந்தயக் கொன்னது நாந்தான். அதைய ஊருக்குக் காட்டறதுக்குத்தான் கைய மூடிட்டுத் திரியறயா?"

"அய்யோ, நான் உங்களச் சொல்லலீங்க. என்னயத்தான்..."

"வாய மூடு!"

அழுகை நின்றபோது அப்பாடா என்று நினைத்தேன் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. அந்த ஒரு வாக்கியம் வெளியே வந்திருந்தால் கை விரிந்திருக்குமோ என்னவோ. வைத்தியர்கள் சிலர் ஆமாம் என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அதைக் கேட்க ஒரு காது இல்லாமல் போனதே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அடுத்த வாரம் கந்தவேல் அவளை அம்மாபேட்டையில் கொண்டுபோய் விட்டான். கை சரியானதும் கூட்டிப் போகிறேன் என்றான். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். ஆவணியில் ராசிபுரத்திலிருந்து இரண்டாந்தாரம் கட்டினான். வீட்டுக்குத் தார் சுற்ற ஆள் வேண்டாமா என்றார்கள்.

அண்ணன் வீட்டில் அவளை யாரும் பட்டினி போடவில்லை. அண்ணி சுப்பம்மாள் வாயாடி, ஆனால் கெட்டவள் இல்லை. "கை எப்பத் தொறக்குறதா உத்தேசம்?" என்று கிண்டலாகக் கேட்பாள், அதோடு சரி. பூவாத்தாள் இடது கையால் வாசல் பெருக்கினாள், இடது கையால் சாப்பிட்டாள், அதற்காக விசேஷ வீடுகளில் பந்தியில் உட்காராமல் இருந்துகொண்டாள். ஒரு வருஷம் கழித்து அண்ணனைக் கெஞ்சி அந்த டாக்டரிடம் மறுபடி போனாள். பேசவையுங்கள் என்று அவர் சொன்னதை நாச்சிமுத்து எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தான். பேசினால் கேட்பதற்கென்று ஒருவர் இருக்கிறார் என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் டாக்டர் மதுரைப் பக்கம் போய்விட்டார். அதே அறையில் வேறொருவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் என்ன சொல்வாள்? திரும்பி வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் போகவில்லை. வருஷங்கள் போயின. யுத்தம் வந்தது, நூல் கிடைக்காமல் தறிகள் பாதி நின்றன, ஊர் அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை மூடியிருப்பது யாருக்கும் பெரிய சமாசாரமாக இல்லை. உள்ளே நகம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. அதை வெட்ட வழியில்லை. நடுவிரல் நகம் உள்ளங்கைச் சதையைக் கிழித்து இறங்கியது. உணர்ச்சி இல்லாததால் அவளுக்கு அது தெரியவில்லை. வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிற நாற்றம் என்று சுப்பம்மாள் மூலை முடுக்கெல்லாம் தேடி, கடைசியில் நாத்தனார் கையில் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் அவள் கிண்டலை விட்டாள்.

இந்தத் தடவை டாக்டர் வயசானவர், கறார்ப் பேர்வழி. சீழைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று மயக்க மருந்து கொடுத்தார். முன்பு அந்த இளம் டாக்டர் செய்ததுபோலவே விரல்களைத் தொட்டார். விரியவில்லை. இழுத்தார். விரியவில்லை. எட்டு வருஷம் மூடியே கிடந்ததில் நரம்பெல்லாம் சுருங்கி, சதை வற்றி, மூட்டுகள் ஒட்டிப்போயிருந்தன. இடுக்கியை விட்டு நகத்தைத் துண்டு துண்டாகத்தான் எடுத்தார்.

வெளியே வந்து நாச்சிமுத்துவிடம் கத்தினார்: "நரம்புச் சுருக்கம். நிஜமான வியாதி. இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் விரித்திருக்கலாமே!"

நாச்சிமுத்து அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். "மயக்கத்துலயும் விரியலயாம் அம்மிணி. நெசமான நோவாம். உன்னயப் போயி சந்தேகப்பட்டமே, நாங்க நல்லா இருப்பமா?"

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லாத நோய் இருந்தபோது யாரும் நம்பவில்லை. அதை வளர்த்து, நிஜ நோயாக்கி, கையை இழந்த பிறகு எல்லாரும் நம்புகிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "பசிக்குதண்ணா," என்றாள்.

சமாசாரம் வெண்ணந்தூருக்கும் போயிற்று. பத்து நாள் கழித்துக் கந்தவேல் வந்தான், ஒரு சீப்புப் பழத்தோடு. முத்தாயம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது மனைவிக்குக் குழந்தை தங்கவில்லை. அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, கிழவன் மாதிரி இருந்தான். எதிரே பாயில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையையே வெகுநேரம் பார்த்தான்.

"டாக்டர் நரம்புன்னு சொல்லிட்டாராமே."

"ஆமாங்க."

"உன்கிட்ட இதையச் சொல்லத்தான் வந்தேன். மொதல்ல சந்தேகப்பட்டது நெசந்தான், அதுக்கப்பறம் உன்னைய நடிப்புக்காரின்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல, பூவா. அன்னிக்குத் தறிக்கிட்ட வந்து சொன்னியே, அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. நான் உட்றாதேன்னு சொன்னதுதான் உன்ற கையில ஏறிப்போச்சுன்னு. அதுக்குத்தான் உன்னயக் கொண்டாந்து இங்க உட்டேன். அந்தக் கையப் பாத்துட்டு என்னால அந்த ஊட்ல இருக்க முடியல." பழச் சீப்பை அவள் பக்கம் தள்ளி வைத்தான். "எட்டு வருசமா பாவு புடிக்கப் போனா எனக்கு அந்த அளுகச் சத்தம் கேக்குது. ராத்திரி தூக்கத்துலயும் கேக்குது. இப்ப டாக்டர் சொல்லிட்டாரு, நரம்புன்னு. அப்ப அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைதானே? சொல்லு பூவா. நரம்புதானே?"

ஊரில் ஒருவன் அவளை நம்பியிருக்கிறான். எண்ணெய் போட்டுத் தடவினவர், ஊசி குத்தினவர் யாருக்கும் விளங்காதது இவனுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கிறது. விளங்கியதால்தான் அவளைத் துரத்தியிருக்கிறான். எட்டு வருஷமாகச் சொல்லக் காத்திருந்தது நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால் இவன் கேட்பான், கேட்கக்கூடிய ஒரே ஆள் இவன்தான். ஆனால் சொன்னால் அவன் கேட்கிற அழுகை அவன் சாகிறவரை நிற்காது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நரம்புதானுங்க," என்றாள். "எங்க அம்மா வழியில யாருக்கோ இப்பிடி இருந்துச்சாம். அன்னிக்கு நடந்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நான்தான் கூறு கெட்டதனமா எதையோ பேசிப்போட்டேன்."

அவள் அம்மா வழியில் அப்படி யாரும் இல்லை. ஊரெல்லாம் நடிப்புக்காரி என்று பேர் வாங்கினவள் வாழ்நாளில் நடித்தது அந்த ஒரு தடவைதான். நன்றாகவே நடித்தாள். கந்தவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுப்பம்மாள் இலை போட்டாள், இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு, வெயில் தாழ்வதற்குள் வெண்ணந்தூர் போய்ச் சேர வேண்டும், நாளைக்குக் காலையில் பாவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.